மரத்தூள் போட்டவர்

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அவர். வண்டியில் சத்தம் என்றால், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் காது மட்டும் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும்.

நான் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வேகம் அறுபதைத் தொட்டால் பின்னாலிருந்து நாய் ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தது. விற்றவருக்கு போன் செய்தேன். "நல்ல மெக்கானிக்" என்று இவரிடம் அனுப்பினார்.

பின் சக்கரங்களைத் தூக்கி ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டார்.

"பின்னால கீற கிரவுன் வீலு பல்லு பூரா தேஞ்சி கீது சார்."

பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் அடி நட்டைக் கழற்றினார். ஆயிலோடு மரத்தூள் கூழாக வழிந்தது.

"தூள் போட்டா சத்தம் அடங்கும். ஒரு மாசம் தாங்கும். அதுக்குள்ள வித்துடணும்."

"எந்த அயோக்கியன் போட்டான்?"

"நான்தான். அன்னிக்கு அவரு கஸ்டமரு, இன்னிக்கு நீ. இன்னா, புது கிரவுன் மாட்டட்டா, இல்ல தூளே போட்ரவா?"

அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, கேலியும் இல்லை. டீ வேணுமா என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, அயனம்பாக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்து ஜீப்பை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. குழந்தை தூங்கிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நல்ல மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று அந்தப் பெண் கேட்டாள்.

அயோக்கியன் என்று திட்டிய அதே வாயால், அவருடைய ஷெட்டுக்கு வழி சொன்னேன்.