முகப்பருக் குளிசையும் ஒரு கலியாண நாளும்

மருந்துக்கடையில் மருந்தை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அதை எப்படி விழுங்குவதென்று சொல்லித்தான் தொண்டைத் தண்ணி வற்றுகிறது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பூசுகிற மருந்து இல்லையா?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருக்கிற எங்கள் பாமசிக்கு, குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு உம்மா மகளோடு வந்தார். மகளின் கன்னமெல்லாம் சிவந்த பரு. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, "முகம் தெளியட்டும், பிறகு நாள் வைப்பம்" என்று போய்விட்டார்களாம். பிள்ளை தலை நிமிரவேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டொக்டர் எழுதியிருந்தது அன்டிபயட்டிக் குளிசை. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, தோல் வெந்துபோகும், வெயிலில் திரியக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி மிஸ், பரு மூஞ்சில இரிக்கி, குளிசை வயித்துக்குள்ள போய் என்ன செய்யும்?"

சஹர் அவசரம்

நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் உம்மா மட்டும் வந்தார். மகளுக்கு நெஞ்செரிவாம், எச்சில் விழுங்கவும் ஏலாதாம். விசாரித்தால், தொழுகைக்குப் பாங்கு சொல்லப்போகிறார்களே என்ற அவசரத்தில், விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டின் கடைசி மிடறு தண்ணீரோடு குளிசையைப் போட்டுக்கொண்டு பாயில் சரிந்திருக்கிறாள். அது தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கிவிட்டது. டொக்டரிடம் திருப்பி அனுப்பினேன். புண் ஆறியபின் நோன்பு திறந்து சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார் அவர்.

"முதல் நாளே சொன்னேனே!" என்று நான் கத்தாத குறை. உம்மா அசையவில்லை. "சொன்னீங்கதான் மிஸ். நோன்புக்கு எண்டு தனியாச் சொல்லல்லயே."

மருமகனுக்கும் பங்கு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது உம்மாவும் மகளும் திரும்ப வந்தார்கள்; மகளின் முகம் தெளிந்துவிட்டது. எனக்கே சந்தோஷம். ஆனால் கூடவே வந்த இளைஞரின் முகம் அவித்த இறால் நிறத்தில், மூக்குத் தோல் உரிந்து கிடந்தது. அவர்தான் மாப்பிள்ளை; மூதூரில் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அவருக்கும் நாடியில் ரெண்டு பரு என்று, உம்மா மகளின் குளிசையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டிருக்கிறார். அவரும் விழுங்கிவிட்டு நாள் முழுக்கக் கடல் வெயிலில் நின்றிருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"யாருக்கும் குடுக்க வேணாமெண்டு சொன்னன்தானே?" என்றேன்.

"மருமகன் வேற ஆளா மிஸ்? இந்தக் கிழமை கலியாணத்துக்கு நாள் வைக்கணும், பூச ஏதாவது தாங்க" என்றார் உம்மா.

அப்போதுதான் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். "அவசரமில்ல உம்மா. முகம் தெளியட்டும், பிறகு நாள் வைப்பம்."

இத்தனை வருஷத்தில் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். என்ன, அது நான் சொன்னதில்லை.