தன்னை உட்கார வைத்த கேப்டன்

சிவசங்கரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். கமிட்டியில் அவள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக முதலில் கை தூக்கியவன் நான். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. மணிமுத்தாறு மகளிர் கால்பந்துக் கழகத்துக்குப் பதினெட்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். பெயர் நடராசன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கழகத்தின் கூட்டமெல்லாம் நடப்பதும் அந்தக் கடையில்தான்.

சங்கரிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, பதம் பார்த்துப் பிரித்து, பிள்ளையாராகவும் யானையாகவும் வெளியே எடுக்க வேண்டும். புருஷன் அன்பரசன் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். இந்த வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில், பதினேழு வருடமாக எங்கள் அணிக்கு ரைட் பேக் அவள்தான். எட்டு வருடமாகக் கேப்டனும் அவளே. வலது ஓரமாக எதிராளி பந்தோடு வந்தால், அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் வாயால் சொல்ல மாட்டாள் என்பதால் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் அவள் அணிக்குள் வந்த புதிதில், நாங்கள் மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. கோப்பையை எப்படியாவது தூக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. சென்னையிலிருந்து மூன்று கெஸ்ட் ஆட்டக்காரிகளைக் கூட்டி வந்தேன். வெளியூர் ஆளைக் கூட்டி வந்து எங்கள் ஜெர்சியைப் போட்டு இறக்குவதற்குப் பெயர்தான் கெஸ்ட். இந்தப் பக்கத்தில் எல்லாக் கழகமும் அதைத்தான் செய்கிறது. ஒருத்தியை ரைட் பேக்கில் இறக்கினேன். சங்கரி பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் பெஞ்சுக்கே தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்பை கிடைத்தது. எங்கள் ஜெர்சியில் ஆடிய அந்த கெஸ்ட் மாநில அணிக்கும் தேர்வானாள். சங்கரியை யாரும் பார்க்கவே இல்லை. அன்று மாலையில் நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கும் சேர்த்து. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்பு எஸ்டேட்டின் பின்பக்க மைதானத்தில் அவளே ஒரு காலைப் பயிற்சி முகாம் ஆரம்பித்தாள். ஒன்பது பெண்கள் வந்தார்கள். இப்போது முப்பத்தொரு பேர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. விடிந்ததும் வரிசையாக நின்று, குனிந்து, மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார்கள். உடைந்த பீங்கான் சில்லு அங்கே எப்படித்தான் முளைக்குமோ, நேற்றுப் பொறுக்கிய இடத்திலேயே இன்றும் இருக்கும். ஒரு வாளி நிரம்பிய பிறகுதான் பந்தே வெளியே வரும்.

மைதானத்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். பள்ளத்துப் பக்க கோல் கம்பத்துக்குப் பின்னால் கருவேல முள். அங்கே போன பந்து காற்றோடு திரும்பி வராது. அதனால் முகாமில் மேட்டுப் பக்க கோலை மட்டும் வைத்துத்தான் பயிற்சி. இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் இதுவே எங்களை ஆட்டிப் படைத்தது.

போன வருடம் ஒரு ஆட்டத்தன்று காலையில் எங்கள் கெஸ்ட் நான்கு பேர் போனை எடுக்கவில்லை. வேறொரு ஊர்ப் போட்டிக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேரை வைத்து ஆடி, ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த கூட்டத்தில் சங்கரி எழுந்து, இனி கெஸ்ட்டே வேண்டாம், முகாமிலிருந்து ஏழு பேரை முதல் அணியில் போடலாம் என்றாள். அந்த ஏழு பேரில் பெரியவளுக்குப் பதினெட்டு வயது, சின்னவளுக்குப் பதினைந்து. நான் சிரித்துவிட்டேன். ஆனால் கூப்பிட்டால் வர ஆள் இல்லாததால் கமிட்டி தலையாட்டியது.

இந்த வருட மாவட்ட லீக் அப்படித்தான் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். பிறகு ஒன்று ஜெயித்தோம், ஒன்று டிரா, இன்னொன்று தோல்வி. கடைசி ஆட்டம் கடலூரில், ஐந்து கெஸ்ட் வைத்திருந்த ஓர் அணியோடு. டிரா செய்தால் ஏ டிவிஷனில் நீடிப்போம். தோற்றால் பி டிவிஷன்.

பி டிவிஷனை நினைத்ததும் நான் போனை எடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு கெஸ்ட்டுகளுக்குப் பேசி முடித்துவிட்டு, ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு கூட்டத்தில் அதைச் சொன்னேன். தலைவர் பழமலைநாதன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"அவங்க ரெண்டு பேரு வந்தா நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரு உட்காரணும்ங்க ஐயா," என்றாள் சங்கரி. "நாலு ஆட்டம் ஓடுனவங்கள அஞ்சாவது ஆட்டத்துல உட்காரச் சொல்ல என்னால முடியாது."

"தோத்துட்டா?" என்றார் பழமலைநாதன்.

"தோக்க மாட்டோம்."

"ஏம்மா, அப்படித் தோத்துட்டா காலை கேம்ப்ப மூடிடுவேன். பழையபடி வெளியாள வெச்சே ஓட்டிக்கலாம். சரின்னு சொல்லு, பொண்ணுங்களே ஆடட்டும்," என்றார் அவர்.

நான்கு வருடம் அவள் விடியற்காலையில் எழுந்து கட்டிய முகாம் அது. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றாள். அதோடு விடவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். பதினொரு பேர் பட்டியல். ரைட் பேக் என்ற இடத்தில் கனிமொழி என்று எழுதியிருந்தது. கருவேப்பிலங்குறிச்சிப் பெண், பதினாறு வயது. சிவசங்கரி என்ற பெயர் மாற்று ஆட்டக்காரிகளில் மூன்றாவதாக இருந்தது.

"உனக்கு என்னா கிறுக்கா?" என்று கத்திவிட்டேன்.

"அண்ணே, அவங்க லெஃப்ட் விங்கு பறக்குது. போன மாசம் போயி பார்த்துட்டு வந்தேன். என் கால் அதுகூட ஓடாது. கனி ஓடுவா. ஒரு மாசமா என்னையே தாண்டிக்கிட்டுத்தானே போறா?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"அனுபவத்த வெச்சிக்கிட்டு பின்னாலயே ஓடிக்கிட்டிருக்கணுமா?"

கெஸ்ட்டுகளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கடலூர் மைதானம் சமதளம், பச்சைப் புல். எங்கள் பெண்கள் இறங்கியதும் குனிந்து சில்லு தேடியதைப் பார்த்து எதிர் அணி சிரித்தது. ஆட்டம் தொடங்கியது. கனிமொழி பக்கமாக ஏறி வரும் அந்த லெஃப்ட் விங்கர் நிஜமாகவே பறந்தாள். கனிமொழி கூடவே பறந்தாள். இரண்டு முறை பந்தைப் பறித்தாள். சங்கரி சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம், இருபத்திரண்டாவது நிமிடம்.

விங்கர் பின்னாலேயே நெருக்க, கனிமொழி பந்தைத் திருப்பி எங்கள் கோல்கீப்பருக்கு அடித்தாள். முழு பலத்தோடு அடித்தாள். எங்கள் மைதானத்தில் கோல் இருப்பது மேட்டுப் பக்கம். பின்னால் அடிக்கும் பந்தை ஓங்கி அடிக்காவிட்டால் பாதியிலேயே நின்று எதிராளி காலுக்குப் போய்விடும். இங்கே மேடும் இல்லை, மண்ணும் இல்லை. பந்து புல்லில் வழுக்கிக்கொண்டு, தடுக்கப் பாய்ந்த கோல்கீப்பரின் கைக்கு அப்பால் போய், எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது.

கனிமொழி முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே நின்றாள்.

பழமலைநாதன் எழுந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை இப்படி. "சங்கரி, போதும். நீ உள்ள போ!" என்று கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். மாற்று அட்டையை எடுத்துக்கொண்டு நான்காவது நடுவரிடம் போகவே கிளம்பிவிட்டேன். சங்கரி என் கையைப் பிடித்து இழுத்தாள். பொம்மை அச்சு தூக்குகிற கை, மணிக்கட்டு வலித்தது.

"அது அவ தப்பு இல்லண்ணே. என் தப்பு. நாலு வருஷமா மேட்டுப் பக்கமாவே நிக்க வெச்சி, ஓங்கி அடி, ஓங்கி அடின்னு சொன்னது யாரு? நான் சொன்னத அவ செஞ்சா. அதுக்கு அவள வெளியில கூப்பிட்டா எப்படி?"

"கேம்ப்பே போயிடும் சங்கரி!"

"இப்ப அவள எடுத்தா, அப்பவே போயிடும். முப்பது பொண்ணுங்க பார்த்துக்கிட்டு இருக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். எங்களோடு வந்திருந்த முகாமின் மற்றப் பெண்கள் எல்லாரும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பந்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பழமலைநாதன் என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கரி கோட்டோரம் போய் வாயருகே கையைக் குவித்துக் கூவினாள். "கனி! தரை சமமா இருக்குது! ஓங்காத, தொட்டு வுடு, அதுவே போவும்!"

இடைவேளையில் மற்றவர்கள் எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள். கனிமொழியையும் கோல்கீப்பரையும் சங்கரி ஓரமாகக் கூட்டிப்போய், புல்லில் முன்னும் பின்னுமாகப் பந்தைத் தள்ளச் சொன்னாள். பத்து, பதினைந்து, இருபது தடவை. ஒரு தடவைகூடக் கோலைப் பற்றிப் பேசவில்லை. கனிமொழிக்கு முதலில் கண்ணில் தண்ணீர். அப்புறம் கணக்கில் மும்முரமாகிவிட்டாள்.

இரண்டாம் பாதியில் எதிர் அணிக்கு இன்னொரு கோல் கிடைத்திருக்க வேண்டும். மூன்று தடவை விங்கர் ஓடினாள், மூன்று தடவையும் கனிமொழி முந்திக்கொண்டாள். அந்த ஓட்டத்தை சங்கரியால் ஓடியிருக்கவே முடியாது, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம். மறுபடியும் அதே இடம், அதே நெருக்கடி. விங்கர் முதுகில், முன்னால் ஒருத்தி. பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான் வழி. அடிக்காதே, வெளியே தள்ளிவிடு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். கனிமொழி பந்தைத் தொட்டுவிட்டாள். அவ்வளவுதான், தொட்டாள். பந்து சோம்பேறித்தனமாக உருண்டு கோல்கீப்பர் காலடிக்குப் போனது. அவள் ஓங்கி முன்னால் உதைத்தாள். எதிர் அணி முழுக்க எங்கள் பாதியில் ஏறி நின்றிருந்தது. பெண்ணாடத்துப் பெண் செல்வநாயகி, எங்கள் முன்வரிசை ஆட்டக்காரி, தனியாக ஓடிப் போய்ப் பந்தை வலைக்குள் போட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பழமலைநாதன் என்னைக் கட்டிப்பிடித்தார் என்று பிறகு சொன்னார்கள். மிச்ச நிமிடங்களை எங்கள் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. டிரா.

பழமலைநாதன் நேராக சங்கரியிடம் போனார். "கேம்ப்பு நடக்கட்டும்," என்றார், "பள்ளத்துப் பக்க முள்ள வெட்டித் தரேன்." அவர் அவ்வளவு பேசியதே பெரிய விஷயம்.

திரும்பும் வேனில் கனிமொழி சங்கரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, அடுத்த வருஷம் நீங்க ரைட் பேக்குதானே?" என்று கேட்டாள். கேள்வியில் கள்ளமே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"அந்த எடம் வேணும்னா இனிமே உன்கிட்ட போட்டி போட்டுத்தான் வாங்கணும் நானு," என்றாள் சங்கரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினேழு வருட இடம் அது, அழுதாள்.

மறுநாள் காலையில், சங்கரி வருவாளா என்ற சந்தேகத்தில் நானும் மைதானத்துக்குப் போனேன். பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சங்கரி விசிலை ஒரு சின்னப் பெண் கழுத்தில் மாட்டிவிட்டு, கனிமொழிக்கு எதிர் அணியில் இறங்கி மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் அப்படி ஓடினாள், ஒரு நாள் தவறவில்லை. பிறகு பொங்கல் கோப்பைக்கு அணியைத் தேர்வு செய்தாள். பட்டியலை என் மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ரைட் பேக் இடத்தில் கனிமொழி பெயர்தான் இருந்தது. கையெழுத்து சங்கரியுடையது.