ஜெசிந்தா மேடம் விட்டுவைத்த இடைவெளி

செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கிப் படியேறும்போது போன் வந்தது. ஊரப்பாக்கத்து வீட்டில் ஜெசிந்தா மேடம் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். எங்கள் சட்டக் கல்லூரியில் என் பக்கத்து மேசை அவருடையது. அடக் கடவுளே, முந்தின நாள் மாலை இதே படியில்தான் "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்றார்.

கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பாடம் நடத்துவதில் நான் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிற பழைய ஆள். அவரோ வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாய் திறக்கமாட்டார். "என்ன மேடம், மௌன ஜெபமா நடத்துறீங்க?" என்று கிண்டல் செய்வேன். "கோர்ட்டுல ஜட்ஜு கேட்டா இன்னா சார், உங்க நோட்ஸா எழுந்து பேசும்?" என்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

கொரோனா காலத்தில் பாடங்களை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். காலி வகுப்பறையில் கேமராவிடம் கேள்வி கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பேசாமல் நின்றார். அதையெல்லாம் வெட்டிவிடலாம் என்றார் கல்லூரி முதல்வர். "வெட்டுனா நான் மட்டும் பேசிக்கினு இருப்பேன். அதுக்குப் பேரு பாடமா சார்?" என்று மறுத்துவிட்டார்.

கோவளத்தில் அடக்கம் முடிந்த மறுவாரம் முதல்வர் என்னை அழைத்தார். "மீதிப் பாடத்தை அவங்க வீடியோ போட்டே முடிச்சிடலாம். அந்த வெட்டி நேரத்தை மட்டும் எடுத்துடுங்க." வகுப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விளக்கை அணைத்தோம். திரையில் மேடம்.

"ஒருத்தன் படகு இன்னொருத்தன் வலைய அறுத்துடுது. வலைக்காரன் பக்கம் எல்லாரும் வந்துடுவீங்க. படகுக்காரனுக்கு யாரு பேசுறது?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நாங்கள் மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்த முகம், எங்களைப் பார்த்துக்கொண்டு பதிலுக்கு நிற்கிறது. நிறுத்திவிடலாம் என்று நான் எழப்போனபோது, கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், அவங்க வலைக்கு மிதவையே கட்டல. படகுல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் திரையைப் பார்த்து, அழுதுகொண்டே.

மேடம் தலையசைத்தார். "சரி. இப்ப வலைக்காரன் தரப்பு."

மறுபடியும் காத்திருந்தார். யாரும் எழவில்லை. அந்தக் கண்கள் என்மேலேயே நிற்பதுபோலிருந்தது. தாங்கமுடியவில்லை. இத்தனை வருடம் நோட்ஸ் சொன்ன நான் எழுந்து வலைக்காரனுக்காகப் பேசினேன்.

முடித்ததும் மேடம் சொன்னார்: "பத்தாது. இன்னும் யோசிங்க."

ஒரு நொடியைக்கூட வெட்டமாட்டேன் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டேன். போய்வாருங்கள் மேடம். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.