அத்தை வரைந்த குண்டு எழுத்து

எங்கள் அத்தை கோபக்காரி. ஆனால் அவள் செய்த எழுத்துக்குக் கோபப்படவே தெரியாது.

தென்காசியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தாள். இருக்கிற எழுத்தெல்லாம் முள்ளும் முனையுமாக இருக்கிறதென்று அலுத்துப்போய், கம்ப்யூட்டரில் தானே ஒரு புது எழுத்துருவை வரைய உட்கார்ந்தாள். கோடு முழுக்க ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. ஒவ்வொன்றும் பால் குடித்துக் கொழுத்த குழந்தை மாதிரி இருக்கும். ‘ண’தான் அவளை உண்டு இல்லை என்று பண்ணியது. தடிமனைக் கூட்டினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். குறைத்தால் பக்கத்து எழுத்தோடு சேராது. ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். அச்சடித்து எதிர்க்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தி வாசிக்கச் சொல்வாள். தடுமாறாமல் வாசித்தால் தேன்மிட்டாய். அத்தை என்றால் எனக்கு உயிர்.

அந்தக் குற்றால சீசனில் சிப்ஸ் கடை, பழக்கடை, எண்ணெய் மசாஜ், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அவள் எழுத்துதான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தருவிப் பக்கம் தோப்பு வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், தோப்புக்குள் ஓடும் ஓடைக்கு ஒரு பலகை கேட்டார். ஓடை ஓரிடத்தில் ஆள் முழுகும் கசமாகக் கிடந்தது. ‘ஆழமான இடம். இறங்காதீர்கள்’ என்று அத்தை நீலத்தில் அடித்துக் கொடுத்தாள். அதை நடப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

பலகையை நட்டுவிட்டு அத்தையும் அண்ணாச்சியும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அதன் அடியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் ஓடைக்குள் இறங்கினேன். இரண்டாவது அடியில் தரை இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அத்தை சேலையோடு குதித்து, என் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள்.

“ஏட்டி, எறங்காதன்னு இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்ருக்கு, படிக்கலியா?” என்று கையை ஓங்கினாள்.

“படிச்சேன் அத்த,” என்றேன் இருமிக்கொண்டே. “சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுத மாதிரில்லா இருந்துச்சு.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அத்தை திரும்பிப் பலகையைப் பார்த்தாள். “சின்னப்புள்ள என்னமோ ஒளறுது, விடும்மா,” என்றார் அண்ணாச்சி. அவள் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய், கூரான பழைய எழுத்தில், சிவப்பில் வேறு பலகை அடித்து நட்டுவிட்டு வந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். சிப்ஸுக்கும் காதுகுத்துக்கும் அந்த எழுத்து என்ன பாவம் செய்தது? யார் வந்து கேட்டாலும், “அது ரிப்பேராயிட்டு,” என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

நானோ, அத்தையின் அடியிலிருந்து ஒரே பதிலில் தப்பித்தவள் என்று பெரியப்பா பிள்ளைகளிடம் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவள் எனக்குத் தலை பின்னிவிடும்போதே அதைச் சொல்லிச் சிரிப்பேன். அவளும் கூடச் சிரிப்பாள். அன்றைக்கு அடி விழுந்தது அவளுக்கு என்று எனக்குத் தெரியாது.