கிரீஸ் பூசிய புல்லர்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் பதினோரு பேர். எல்லோரிடமும் ஒரே மாடல் பழைய டீசல் கார். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி வெகுகாலமாகிறது. பின்சக்கரத்தின் நடுவில் இறுகிக் கிடக்கும் ஹப்பை வெளியே இழுக்க அதற்கென்றே ஒரு புல்லர் வேண்டும். இப்போதைய ஒர்க்‌ஷாப்புகளில் அது கிடையாது. எங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்கு நிரந்தர வீடு இல்லை. கடைசியாக வேலை செய்தவர் வீட்டில் கிடக்கும், அடுத்துத் தேவைப்படுகிறவர் வந்து எடுத்துப் போவார். கைமாறும்போது துடைத்து, போட்டோ எடுத்து, வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். ஏதாவது உடைந்திருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவன் நான்தான். துடைக்காமல் கொடுத்த ஒலக்கூர்க்காரரை குரூப்பில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை.

அப்படிப்பட்ட நான் ஒருநாள் என் காரின் ஹப்பைக் கழற்றினேன். புல்லரை மாட்டி, நடு போல்ட்டை இறுக்கி, லேசாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் தானாகக் கழன்று வரும். எனக்கு ஏது பொறுமை? ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஒரு மிதி மிதித்தேன். ஹப் வந்துவிட்டது. கூடவே போல்ட்டின் மரையும் நாலு சுற்று போய்விட்டது.

குரூப்பில் எழுதக் கை வரவில்லை. ஒலக்கூர்க்காரர் சிரிப்பாரே என்பதுதான் முதலில் தோன்றியது. மரை போன இடத்தில் கிரீஸை அப்பி, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போட்டேன். பத்துப் பேரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

அடுத்து வந்து எடுத்துப் போனவர் கோட்டக்குப்பத்து பாய். துபாயில் வேலை, லீவில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போனபின் அவர் மனைவிதான் அந்தக் காரில் மாமியாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி கூட்டிப்போக வேண்டும். அதற்குள் ஹப்பைக் கழற்றிப் பின் பிரேக்கைச் சரிசெய்துவிட நினைத்தார். ஃப்ளைட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது குரூப்பில் எழுதினார். புல்லர் போல்ட் தன் கையில் போய்விட்டது, தன் கவனக்குறைவுதான், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று. அதற்குக் கீழே ஒருவர், உடைந்திருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்ற என் சட்டத்தை வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் விழுப்புரத்து லேத் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து புது போல்ட் கடைந்து வாங்கினேன். அளவெல்லாம் என் நோட்டில் இருந்தது, சட்டம் போட்டவனாயிற்றே. பைக்கில் வளவனூர் வழியாகக் கோட்டக்குப்பம் போனேன். பாய் வீட்டு வாசலில் கார் ஜாக்கி மேல் நின்றது. போல்ட்டை அவர் கையில் கொடுத்து, மரையைக் கெடுத்தது நான்தான் என்றேன். கிரீஸ் சமாச்சாரத்தையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். போல்ட்டைப் புல்லரில் மாட்டினார். இறுக்கினோம், தட்டினோம், டீ குடித்துவிட்டு மறுபடி இறுக்கினோம். மதியத்துக்கு மேல் ஹப் கழன்று வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “நேத்துலேர்ந்து நான்தான் ஒடச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்ணே. இத குரூப்ல போட்டீங்களா?”

இன்னும் இல்லை என்றேன். உங்களிடம் நேரில் சொல்லிவிட்டேனே என்று ஒரு சமாதானமும் சொன்னேன்.

“நான் மன்னிப்பு கேட்டது குரூப்லதாங்க.”

குரலை உயர்த்தவில்லை. நான் ஜாக்கி பக்கத்தில் குந்திக்கொண்டு பைப்பிலிருந்து கிரீஸ் வரைக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். பழைய போல்ட்டைத் துடைத்து, மரை போன இடம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அதோடு சேர்த்தேன். இந்த முறை யாரும் கட்டைவிரல் காட்டவில்லை. பாய் மட்டும் தன் போனில் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு, பிரேக் ஷூவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.