வருஷத்துக்கு ஓர் அங்குலம்

“போர் முடியட்டும் சார், அப்புறம் உங்க பேண்ட்டுக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் மறுபடியும் மேசைமேல் குனிந்தார். துணி வெட்டவேண்டிய மேசையில் பழுப்புத்தாள் விரிந்து கிடந்தது. வருஷத்துக்கு ஓர் அங்குலம் கணக்கு. மேல்வரிசையில் நீல சாக்பீஸால் உலகச் சங்கதிகள்: போர் நாலேகால் அங்குலம், கொள்ளைநோய் ஒன்றரை. கீழ்வரிசையில் வெள்ளை சாக்பீஸால் அவருடைய கொள்ளுத்தாத்தா. ரயில் நிலையத்தில் விளக்கு ஏற்றியவர், மொத்தம் எழுபத்தோர் அங்குலம் வாழ்ந்தவர்.

“உங்க தாத்தா இல்லேன்னா அந்தப் போரே நடந்திருக்காது போலிருக்கே” என்பார், பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் மனைவி.

சரித்திரம் முரண்டு பிடித்தால் மனிதர் அசரமாட்டார். புயலில் தாத்தா ஒரு ரயிலைக் காப்பாற்றியதாகக் கேள்வி. புயலோ அவர் வேலையில் சேர்வதற்கு மூன்று வருஷம் முந்தியது. “மூணு இன்ச்தானே? பிரிச்சு விட்டுக்கலாம்” என்று தாத்தாவை முன்கூட்டியே வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மகுடம் ரயில் வேலைநிறுத்தம்தான். அதைத் தாத்தாதான் முன்னின்று நடத்தினார் என்பது மூன்று தலைமுறைப் பேச்சு. கொள்ளுப்பேரனோ, பக்கத்துக் கடைக்காரர் குப்பையை இவர் வாசலுக்குத் தள்ளினால்கூட வாய் திறக்காமல் அள்ளிப்போடுகிற பிராணி. அந்தத் தாத்தா ஒருவரை வைத்துத்தான் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்தார். வேலைநிறுத்தத்தின் நூற்றாண்டு விழாவில், ரயில்வே சங்கம் அவருக்கு மேடையில் இடமும் ஒதுக்கியிருந்தது.

விழாவுக்கு நாலு நாள் முன்பு, ஆவணக் காப்பகத்தில் அவர் கேட்டிருந்த நிலையப் பதிவேட்டின் நகல் தபாலில் வந்தது. ‘இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் வரவில்லை. விளக்குக்காரர் மட்டும் வந்தார். எல்லா விளக்குகளையும் ஏற்றினார். ரயில் எதுவும் வரவில்லை. விசாரித்ததில், வேலைநிறுத்தம் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார்.’

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். “வேற யாராவது இருக்கும்ங்க.”

“பேரு, அப்பா பேரு, வெட்டுப்பட்ட கட்டைவிரல், எல்லாம் எழுதியிருக்கே. பிரிக்காம பிடிக்காம அளவு இன்னிக்குத்தான் கச்சிதமா இருக்கு” என்றார், பாவம்.

“யாருக்குத் தெரியப்போகுது? பேசாம போய் உக்காந்துட்டு வாங்க.”

அவருக்கும் அதுதான் ஆசை. போனார், உட்கார்ந்தார். சங்கத் தலைவர், “மாபெரும் போராளியின் கொள்ளுப்பேரன்!” என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தையற்காரர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“அன்னிக்கு வேலைக்குப் போன ஒரே ஆளு எங்க தாத்தாதாங்க. மன்னிச்சுக்குங்க.”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. “பரவால்ல, உக்காருங்க, உக்காருங்க” என்றார் தலைவர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

தையற்காரர் தலையாட்டினார். மேடையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.