சட்டைப்பைக்குள் போன சீட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதிப் போட்டிக்கு நடுவராக வந்தவர், மைன்ஸில் வேலை பார்ப்பவர். ஒல்லியான ஆள். நகக்கண்களில் பழுப்பு நிலக்கரி அப்பியிருக்கும். எந்த முடிவைச் சொல்லும் முன்னும் விசிலைக் கைக்குட்டையால் துடைப்பார். அந்த நிதானமே, எங்கள் கல்லூரி அணியில் ஆடிய எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கூடுதல் நேரம் ஆட வெளிச்சம் இல்லை. விசிலைத் துடைத்தார். சீட்டுக் குலுக்கிச் சாம்பியனை முடிவு செய்யலாம் என்றார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு சீட்டு எழுதி, குலுக்கி, ஒன்றைப் பிரித்தார். எதிரணியின் பெயர். மற்றதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் சைக்கிளை மறித்தேன். "அந்த இன்னொரு சீட்டக் காட்டுங்க சார். ரெண்டுலயும் அவங்க பேருதான?"

"ஷிஃப்டுக்கு நேரமாவுது தம்பி" என்றபடி சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இதுல உங்க பேரு இருந்தா, அவங்கதான் சாம்பியன்னு ஒத்துக்கினு போயிடுவியா?"

விலகி வழிவிட்டேன். பண்ருட்டி பஸ்ஸில் வழி நெடுக அந்தச் சீட்டை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே வந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. எங்கள் பெயர் இருந்துவிட்டால், அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது?